555 புத்தகத்தில் நிமிடக் கணக்கு

நான் கணக்கு எழுதும் இரும்புக் கடையில் இன்னமும் 555 புத்தகம் விற்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன நோட்டு. மலேசியத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அரிசி, சார்டின் டின், மைலோ, எண்ணெய் என்று கடைப் பற்றை எழுதி, சம்பளத்தன்று கோடு போட்டு அடிக்கும் புத்தகம். அம்மா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பதினேழு 555 புத்தகங்கள் இருந்தன. எல்லாமே அடித்து முடித்தவை. ஒரு காசு பாக்கி இல்லை.

இப்போது நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் எழுதுவது நிமிடம். எங்கள் பெண்கள் காற்பந்து அணியில் யாருக்கு எத்தனை நிமிட ஆட்டம் நான் பாக்கி வைத்திருக்கிறேன் என்ற கணக்கு. இந்தப் புத்தகம் எப்படித் தொடங்கியது என்று அணியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை கேட்டாள். அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரம். டவுனிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடம் போனால் எங்கள் திடல் வந்துவிடும். ஒரு காலத்தில் அது ரப்பர்த் தோட்டத்துத் திடல். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்களை இடித்தார்கள். சனங்கள் டவுனில் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். கோயிலும் திடலும் மட்டும் அங்கேயே நிற்கின்றன. என் அப்பா அந்தத் திடலில்தான் தோட்டத்து அணிக்குக் கோல் காத்தார். பெண்கள் அப்போது கோட்டுக்கு வெளியே, தண்ணீர் வாளியோடு. எட்டு வருடமாக செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரைக்கு அதே கோட்டுக்கு உள்ளே பதினாறு பெண்கள் ஓடுகிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். பயிற்றுநர் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் அடிப்படைச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. மற்றபடி நான் பதினைந்து வருடம் தற்காப்பு ஆடியவள்.

நாங்கள் ஆடுவது பெரும்பாலும் ஒன்பது பேர் ஆட்டம். ஒரு பாதிக்கு 20 நிமிடம். ஆக, ஓர் ஆட்டத்துக்கு என் கையில் இருப்பது 9 பெருக்கல் 40, அதாவது 360 நிமிடம். ஒரு வீட்டுக்கு மாதச் சம்பளம் எப்படியோ அப்படித்தான் எனக்கு அந்த 360.

2024 ஆகஸ்டில் ஒரு காற்பந்துக் கார்னிவல். முதல் பரிசு கேடயமும் ஆயிரம் ரிங்கிட்டும். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நாங்கள் கால் இறுதியைத் தாண்டவில்லை. எனக்கும் ஓர் ஆசை வந்தது. நான்கு பேரை வெளியே இருந்து கொண்டுவந்தேன். ஈப்போவில் ஃபுட்சால் ஆடும் இருவர், தைப்பிங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருத்தி, முன்பு மாநில அணிக்கு ஆடிய ஒருத்தி. எங்கள் பக்கத்தில் இப்படி வருபவர்களை இம்போர்ட் என்றுதான் சொல்வோம். ஆளுக்கு ஐம்பது ரிங்கிட், எண்ணெய்க் காசு, சாப்பாடு. நால்வரும் நல்ல ஆட்டக்காரர்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கூப்பிட்டது நான், ஆடிக் கொடுத்தது அவர்கள்.

இறுதி ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்தோம். படம் எடுத்தோம், மாமாக் கடையில் எல்லோருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன். அன்றிரவு தூக்கம் வராமல் பரிசுப் பண உறையின் முதுகில் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். இம்போர்ட் நால்வருக்கும் 160 நிமிடம். எங்கள் அணியின் பெரியவர்கள் ஐந்து பேருக்கு 169. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஏழு பிள்ளைகளுக்கும் சேர்த்து 31. அந்த 31-உம் மூன்று பேருக்குத்தான். ஒருத்திக்கு 14, இன்னொருத்திக்கு 11, மூன்றாமவளுக்கு 6. மற்ற நான்கு பேரும் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பூத் காலணி கட்டி, நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த செவ்வாய் காலை, கடைக்குக் கிளம்பும்போது என் வீட்டு வாசல் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே 14-ஆம் எண் ஜெர்சி. துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்திருந்தது. மூன்றாம் படிவம் படித்த பிள்ளையுடையது. ஒரு வார்த்தை எழுதவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவளுடைய தோழிதான் பிறகு சொன்னாள்: “நாங்க தண்ணி தூக்கறதுக்குத்தான் வரோமான்னு கேட்டா அக்கா.”

என் அம்மாவின் தலைமுறை தூக்கிய தண்ணீர் வாளி எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே பெண்களை நிற்க வைத்தவர்கள் மேல் எனக்கு இத்தனை வருடம் கோபம் இருந்தது. அதே கோட்டுக்கு வெளியே ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையை நான் உட்கார வைத்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து அதே இம்போர்ட்டுகளில் இருவர் வேறோர் அணிக்கு ஆடினார்கள், எங்களுக்கு எதிராக. எங்கள் இடப்பக்கத் தற்காப்பு மெதுவானது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கமாகவே வந்து இரண்டு கோல் போட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒருத்தி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் மேல் வருத்தம் இல்லை. நான் வாங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமையை. அது அந்த ஞாயிற்றோடு முடிந்துவிட்டது.

இது உள்ளே ஊறிக்கொண்டே இருந்தபோதுதான் நவம்பரில் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் இறுதி ஆட்டம் வந்தது. நமக்கு அது 24-ஆம் தேதி, ஞாயிறு காலை ஒன்பது மணி. ஓர்லாண்டோ பிரைடும் வாஷிங்டன் ஸ்பிரிட்டும். நான் பார்க்க உட்கார்ந்தது ஓர்லாண்டோவுக்கு ஆடிய பிரேசில்காரி மார்த்தாவுக்காக. என் வயதுக்காரிகளுக்கு மார்த்தா என்றால் போதும், மேலே சொல்ல வேண்டாம். அப்போது அவருக்கு 38 வயது. ஒரு வாரம் முன்பு அரை இறுதியில் ஆட்களைத் தாண்டித் தனியாகக் கொண்டுபோய் ஒரு கோல் போட்டிருந்தார். இறுதியில் ஒரே கோல், அதைப் போட்டது ஸாம்பியாவின் பார்பரா பாண்டா. அவர் அந்த வருடம்தான் பெரிய விலைக்கு ஓர்லாண்டோவுக்கு வந்தவர், வயது 24. இறுதி ஆட்டத்தில் ஜெயித்து ஓர்லாண்டோ லீக் சாம்பியன் ஆனது அதுவே முதல் முறை.

பாண்டாவைப் பார்த்தால், இம்போர்ட் வாங்கினால் ஜெயிக்கலாம் என்றுதான் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் மார்த்தா 2017-லேயே அந்த அணிக்கு வந்துவிட்டார். ஏழு வருடம் கேடயம் எதுவும் இல்லை. அட்டவணையின் அடியில் கிடந்த வருடமும் உண்டு. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரி, அந்த ஏழு வருடமும் அங்கேயே இருந்து, அந்த அணியோடேயே பயிற்சி எடுத்திருக்கிறார். அங்கே சேர்ந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் மார்த்தா எப்படிக் கால் நீட்டி உடம்பைத் தளர்த்துகிறார், தோற்ற மறுநாள் எப்படி வருகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்கள். அனுபவசாலியிடமிருந்து அணிக்குக் கிடைக்க வேண்டியது அதுதான் என்று எனக்கு அன்று பட்டது.

2025 ஜனவரியில் முதல் பயிற்சியன்று ஒரு விதி சொன்னேன். செவ்வாய், வியாழன் வராதவருக்கு ஞாயிறு கிடையாது. வயது, பெயர், மாநிலத்துக்கு ஆடினவர், எதுவும் கணக்கில்லை. வேலை ஷிப்ட் என்றால் வாரம் ஒரு நாளாவது. கையுறைத் தொழிற்சாலைக்காரி மட்டும் ஒப்புக்கொண்டாள். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து தைப்பிங்கிலிருந்து மோட்டாரில் வருகிறாள். மற்ற மூவரும் வரவில்லை. ஐம்பது ரிங்கிட் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். அவளுக்கு மட்டும் எண்ணெய்க் காசு உண்டு, அது நியாயம். மிச்சமான பணத்தில் ஆறு பந்து வாங்கினோம். அந்த மாதம் நடந்த முதல் நட்புமுறை ஆட்டத்தில் 0-5. சில அப்பாக்கள் என்னிடம் பேசவில்லை.

சரி, இம்போர்ட் வேண்டாம் என்றால் அனுபவத்துக்கு எங்கே போவது? பிள்ளைகளை மட்டும் வைத்து ஆடினால் என்ன ஆகும் என்பதை அந்த 0-5 காட்டிவிட்டது. மூன்றாவது கோல் விழுந்த பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. திடலில் சத்தமே இல்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் தோற்கும்போது வாய் பேசாது. பந்து வராத இடத்துக்குப் போய் நின்றுகொள்வார்கள். நானும் அந்த வயதில் அப்படி நின்றவள்தான்.

பதில் எங்கள் டவுனிலேயே நாசி லெமாக் விற்றுக்கொண்டிருந்தது.

அவள் என்னைவிட ஏழு வயது இளையவள். அப்போது 36. பத்தொன்பது வயதில் மாநிலத்துக்குக் கோல் காத்து, துன் ஷரிஃபா ரொட்சியா கிண்ணத்தில் ஆடியவள். நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானின் துணைவியார் பெயரில் 1976-இல் தொடங்கிய பெண்கள் கிண்ணம் அது. நம் அம்மாக்கள் கோட்டுக்கு வெளியே நின்ற காலத்திலேயே இந்த நாட்டில் பெண்களுக்கென்று மாநில அளவில் கிண்ணம் இருந்திருக்கிறது என்பதை என் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வேன். இருபத்து நான்கு வயதில் அவளுக்குக் கல்யாணம். அதோடு சரி. யாரும் அவளை ஆடாதே என்று சொல்லவில்லையாம். ஆடச் சொல்லியும் யாரும் கேட்கவில்லையாம்.

பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டாள்: “பன்னண்டு வருஷம் ஆச்சுக்கா. என்னால இப்ப பாஞ்சு புடிக்க முடியுமா? எனக்கு எதுக்கு?”

“பாய வேணாம். கத்த ஆள் இல்லைமா. வந்து கத்து,” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தாள். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பாயை விரித்து அவர்களை உட்கார வைத்தாள். ஒருவன் கலர் பென்சில், இன்னொருத்தி முறுக்கு. அப்புறம் கையுறை மாட்டிக்கொண்டு நின்றாள். அன்று அவள் செய்த பயிற்சியை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. தற்காப்புப் பிள்ளைகள் நால்வரையும் பந்துக்கு முதுகு காட்டி, தன்னைப் பார்த்து நிற்கச் சொன்னாள். நடுத்திடலில் இருப்பவர்கள் பந்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றுவார்கள். தற்காப்பு நால்வரும் பந்தைப் பார்க்கக் கூடாது. இவள் குரலைக் கேட்டு மட்டும் நகர வேண்டும். “வலம், ரெண்டு அடி. நில்லு. பெலாக்காங்ல ஆள். லெப்பாஸ், லெப்பாஸ். கோசோங், திரும்பிக்கோ.” நம் திடல் பாஷை அப்படித்தான், தமிழும் மலாயும் ஒரே மூச்சில் வரும். பெலாக்காங் என்றால் பின்னால், லெப்பாஸ் என்றால் விடு, கோசோங் என்றால் காலி. அரை மணி நேரத்தில் நால்வரும் ஒரு கயிற்றில் கட்டியதுபோல் நகர ஆரம்பித்தார்கள்.

பிறகு அவள் செய்ததுதான் பெரிய காரியம். கத்துவதை நிறுத்தினாள். “இப்ப நான் பேச மாட்டேன். நீங்க சொல்லுங்க.” முதல் ஐந்து நிமிடம் ஒருத்தி வாயும் திறக்கவில்லை. அவள் காத்திருந்தாள். பந்து இரண்டு முறை வலைக்குள் போனது, அப்போதும் பேசவில்லை. கடைசியில் எங்கள் அணியிலேயே கூச்சக்காரப் பிள்ளை, வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட மெதுவாகத்தான் பதில் சொல்வாள், அவள் வயிற்றிலிருந்து ஒரு குரல் விட்டாள்: “என் பந்து!” கோயில் கூரைப் புறாக்கள் எழுந்து பறந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்று ஆட்டத்தில் இந்தப் பாடத்தை நடத்தியிருக்க முடியாது. இரண்டு முறை கோல் விழ விட்டுக் காத்திருப்பதற்குச் செவ்வாயும் வியாழனும் வேண்டும்.

இங்கே என் மனத்தில் இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கிளப்புகளைப் பற்றிப் பேசும்போது அனுபவசாலிகள் இன்றைக்கு, இளையவர்கள் நாளைக்கு என்று பிரிப்பார்கள். பார்சிலோனாவில் அது சரி. ஐத்தானா பொன்மத்தி சிறுமியாக அங்கே சேர்ந்தவர். 2019-இல் புடாபெஸ்டில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லியோனிடம் 4-1 என்று தோற்ற அந்த அணி, இரண்டே வருடத்தில் செல்சியை 4-0 என்று வென்று அந்தக் கிண்ணத்தை எடுத்தது. வெளியே இருந்து நார்வேயின் கிரஹாம் ஹான்சன் போன்றவர்களைக் கொண்டுவந்தார்கள், வீட்டுப் பிள்ளைகளையும் கைவிடவில்லை. பொன்மத்தி அங்கேயே இருந்து 2023, 2024, 2025 என்று மூன்று முறை, உலகின் சிறந்த ஆட்டக்காரிக்குக் கொடுக்கும் தங்கப் பந்து வாங்கினார். அங்கே நாளை என்ற ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊரில் போவது இளையவர்கள்தான். பதினான்கு வயதில் வருவார்கள். பதினேழில் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிந்ததும் ஒருத்தி மெட்ரிகுலேஷன், ஒருத்தி பினாங்கில் வேலை, ஒருத்தி அண்ணனோடு சிங்கப்பூர். எட்டு வருடத்தில் நான் வளர்த்த எந்தப் பிள்ளையும் இருபது வயதில் எனக்கு ஆடியதில்லை. நல்லதுதான், அவர்கள் போகத்தான் வேண்டும். தோட்டத்தை விட்டுப் பிள்ளைகள் போக வேண்டும் என்றுதானே எங்கள் அப்பா அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, எழுந்து போனார்கள். ஊரில் வேர் விட்டு நிற்பது கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, கடை வைத்து, இங்கேயே இருக்கும் அக்காமார்கள். இன்னும் பத்து வருடம் கழித்தும் செவ்வாய்க்கிழமை வரக்கூடியவர்கள் அவர்கள்தான். அதனால் பயிற்சியை அவர்கள் தோளில் வைக்கிறேன். பிள்ளைகளிடம் இருப்பது மூன்றே வருடம். அதை பெஞ்சில் கழிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இப்படித்தான் 555 புத்தகம் வந்தது. கோல்கீப்பரின் 40 போக மிச்சம் 320. அதில் பாதி, 160 நிமிடம், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. நட்புமுறை ஆட்டத்தில் மட்டும் கொடுத்தால் கணக்கில் வராது. புள்ளி உள்ள ஆட்டத்தில் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் குறைந்தால் பாக்கி என்று எழுதி, அடுத்த வாரம் அடிக்க வேண்டும்.

பெரியவர்களை எங்கே நிறுத்துவது என்பதையும் ஆடிப் பார்த்துத்தான் கற்றேன். கோல், தற்காப்பின் நடு, நடுத்திடலின் நடு. இந்த மூன்று இடத்திலும் ஒருத்தி முப்பதைத் தாண்டியவளாக இருந்தால் போதும். இரண்டு பக்க ஓரமும் பிள்ளைகளுக்கு. ஓரத்தில் தப்பு செய்தால் பந்து வெளியே போகும், அவ்வளவுதான். நடுவில் தப்பு செய்தால் கோல். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் பத்து நிமிடமாவது ஒரு பிள்ளையை நடுவில், பெரியவள் பக்கத்தில் நிறுத்துவேன். ஓரத்திலேயே வளர்ந்தால் ஆட்டத்தைப் பாதிதான் பார்க்கப் பழகுவாள்.

ஏப்ரலில் ஓர் அப்பா திடலுக்கே வந்துவிட்டார். அவருடைய மகள் நல்ல வேகக்காரி. “என்னம்மா, அவ்ளோ தூரம் கூட்டிட்டு வரேன். பொம்பளைங்க ஆடறாங்க, என் பொண்ணு உக்காந்திருக்கா.” நான் வாய்ப்பேச்சுக்குப் போகவில்லை. புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அவர் விரலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். “இந்த வாரம் எட்டு நிமிஷம் பாக்கின்னு எழுதியிருக்கீங்க.” “ஆமாண்ணே, அடுத்த ஞாயிறு கொடுத்துடுவேன்.” தலையாட்டிவிட்டுப் போனார். அவருடைய அம்மாவும் இதே புத்தகத்தில்தானே பற்று எழுதியிருப்பார். பாக்கி என்று எழுதினால் கொடுத்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளைக்குத்தான் ஜூலையில் முழங்கால் போனது. அதில் என் பங்கும் உண்டு. அந்த வாரம் அவளுக்குப் பள்ளி அணிக்கு இரண்டு ஆட்டம், ஒரு ஃபுட்சால், ஞாயிறு எங்களுக்கு. என் புத்தகத்தில் எங்கள் நிமிடம் மட்டும் இருந்தது. மற்றதை நான் கேட்கவில்லை. யாரும் மோதவில்லை, திரும்பும்போது கால் நின்ற இடத்தில் நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுந்திருந்தது. பெண் பிள்ளைகளுக்கு இது ஆண்களைவிட அதிகம் வருகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வாரம் என் கண்ணில் பட்டது அவளுடைய வேகம் மட்டும்தான்.

இங்கிலாந்துக் கிளப்பான ஆர்சனலின் பெரிய ஆட்டக்காரர்களுக்கே அது வந்தது. 2022 நவம்பரில் பெத் மீட், டிசம்பரில் மிடேமா, 2023 ஏப்ரலில் லியா வில்லியம்சன், மே மாதம் வீன்ராய்தர். ஓர் அணியில் ஏழு மாதத்துக்குள் நான்கு முழங்கால். அதே பெத் மீட் 2025 மே மாதம் லிஸ்பனில் பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, பிளாக்ஸ்டேனியஸ் 74-ஆவது நிமிடத்தில் போட்ட ஒரே கோலுக்குப் பந்து கொடுத்தார். வில்லியம்சன் முழு ஆட்டமும் தற்காப்பில் நின்றார். அணித் தலைவி கிம் லிட்டிலுக்கு 34 வயது. பதினேழில் ஆர்சனலுக்கு வந்து, அமெரிக்கா போய் ஆடி, திரும்பி வந்தவர். அந்த ஆட்டம் நமக்கு நள்ளிரவில் தொடங்கியது. நாங்கள் ஒன்பது பேர் நாசி லெமாக் அக்கா வீட்டில் பாய் போட்டுப் பார்த்தோம். முழங்கால் போன அந்தப் பிள்ளையும் அன்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் கால் நன்றாக இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளைப் பார்க்கப் போனபோது அவளே மீட் பெயரைச் சொன்னாள். நான் சொல்லவில்லை.

இப்போது எங்கள் பயிற்சியின் முதல் இருபது நிமிடம் ஃபிஃபாவின் லெவன் பிளஸ் பயிற்சி. ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்குதல். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வில் கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, காசும் தேவையில்லை. முன்பே செய்திருக்கலாம். பிள்ளைகளுக்கு இது சலிப்பு. அக்காமார்கள்தான் முன்வரிசையில் நின்று செய்கிறார்கள். அவர்கள் முழங்காலுக்கு அதன் அருமை தெரியும். புத்தகத்திலும் ஒரு பத்தி கூடியிருக்கிறது, வெளியே ஆடிய நிமிடம்.

ஜெர்சியை மடித்துக் கேட்டில் தொங்கவிட்ட பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அவளைத் திரும்பக் கொண்டுவந்தது நான் இல்லை. நாசி லெமாக் வாங்கப் போனவளின் கையைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாளாம், “உன் கை என்ன இவ்ளோ பெருசா இருக்கு? கோல் நிக்கிறியா?” அந்த வாரமே வந்துவிட்டாள். ஆறு மாதம் அக்கா பக்கத்தில் நின்று பழகினாள். ஆனால் கோல் கம்பத்துக்குக் கீழே ஒருத்திதான் நிற்க முடியும். ஓரத்தைப் பிரித்துக் கொடுப்பதுபோல் கோலைப் பிரித்துக் கொடுக்க முடியாது. பாக்கி ஏறிக்கொண்டே போனது. என் புத்தகத்தில் அடிக்கவே முடியாத கடன் அது ஒன்றுதான்.

அப்போது மிஷெல் அஜமாங் ஞாபகம் வந்தார். ஆர்சனலில் வளர்ந்த பிள்ளை. அங்கே முன்வரிசையில் இடம் இல்லை என்று 2024-25 பருவத்துக்குப் பிரைட்டன் அணிக்குக் கடனாகக் கொடுத்து அனுப்பினார்கள். அங்கே ஆடி ஆடித்தான் இங்கிலாந்து அணிக்குப் போனார். 2025-இல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கிண்ணத்தில் சுவீடனுக்கும் இத்தாலிக்கும் எதிராகக் கடைசி நேரத்தில் சமன் செய்த இரண்டு கோலும் அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளையுடையது. அக்டோபரில் அவருக்கும் முழங்கால் போனது. செய்தியைக் கேட்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அழுகை முகம் போட்டார்கள்.

நானும் கோல கங்சாரில் உள்ள ஓர் அணியின் பொறுப்பாளருக்குப் போன் அடித்தேன். ஒரு மலாய் அம்மா. அவரிடம் கோல்கீப்பரே இல்லை. ஒரு பருவம் எங்கள் பிள்ளை அங்கே ஆடட்டும், செவ்வாய்க்கிழமை மட்டும் இங்கே பயிற்சிக்கு வரட்டும் என்று பேசினோம். பிள்ளையின் அம்மாவுக்கு முதலில் மனமில்லை. வேன் யார், போக வர யார், எத்தனை மணிக்கு வீடு. நாசி லெமாக் அக்காவே முதல் இரண்டு ஆட்டத்துக்குக் கூடப் போனாள். தன் இடத்துக்கு வரப்போகிறவளைத் தன் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய், கோலுக்குப் பின்னால் நின்று, வாயே திறக்காமல் பார்த்துவிட்டு வந்தாள். முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினாள் பிள்ளை. எட்டாவது ஆட்டத்தில் ஒரு பெனால்டியைத் தடுத்தாள். மலாய் அம்மா எனக்குக் குரல் பதிவில் அனுப்பியதில் பின்னணியில் அவள் குரல் கேட்கிறது: “லெப்பாஸ்! கோசோங்!” அக்காவின் குரல் போலவே, அதே இடத்தில் மூச்சு விட்டு.

அடுத்த வருடம் அவள் ஐந்தாம் படிவம். எங்களிடம் அவளுக்கு மிச்சம் ஒரே பருவம். ஜனவரியிலிருந்து முதல் பாதி அவள், இரண்டாம் பாதி அக்கா. இது அக்காவே சொன்னது, நான் கேட்கவில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 2021 முதல் குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பு தர வேண்டும் என்று ஃபிஃபா விதி வைத்திருக்கிறது. எங்களைப் போன்ற அணிகளுக்கு விடுப்பும் இல்லை, சம்பளமும் இல்லை. எங்களால் முடிந்தது கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பாய். இப்போது அதில் நான்கு குழந்தைகள் உட்கார்கிறார்கள், மழை வந்தால் கோயில் மண்டபத்துக்கு மாற்றிவிடுவோம். மூத்த பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சுங்கை சிப்புட் பக்கம், பள்ளிக் காலத்தில் ஆடி, கல்யாணத்துக்குப் பிறகு நிறுத்திய அக்காமார் இதைப் படித்தால், எஸ்.பி.எம். எழுதும் மூன்று பிள்ளைகள் இந்த மாதத்தோடு போகிறார்கள், தற்காப்பின் நடுவில் ஓர் இடம் காலியாகிறது. செவ்வாய், ஐந்தரை. பூத் இல்லை என்றால் பரவாயில்லை, நான்காம் அளவிலும் ஐந்தாம் அளவிலும் என்னிடம் இருக்கின்றன. குழந்தைக்கு ஒரு போத்தல் தண்ணீர் மட்டும் கொண்டுவாருங்கள்.